காத்மாண்டு பள்ளத்தாக்கு: கோயில், ஸ்தூபி, அரண்மனை பார்க்க ஒரு முழு வழிகாட்டி

முக்திநாத் யாத்திரை போகும் தமிழ்க் குழுக்கள் பலவும் காத்மாண்டுவுக்கு ஒதுக்குவது ஒரே ஒரு நாள். காலையில் பசுபதிநாதர், பத்து மணிக்கு பௌத்தநாத், சாப்பாட்டுக்கு முன் புத்தநீலகண்டர், மாலையில் சுயம்புநாத், நடுவில் ஒரு ருத்திராட்சக் கடை. இரவு அறைக்குத் திரும்பும்போது எதை எங்கே பார்த்தோம் என்பதே குழம்பிப் போயிருக்கும். பாட்டனும் பக்தபூரும் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. பள்ளத்தாக்கின் ஆகச் சிறந்த மரவேலையும் கல்வேலையும் அங்கேதான் இருக்கின்றன.

1979ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஏழு இடங்களைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிட்டது. காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் தர்பார் சதுக்கங்கள், சுயம்பு, பௌத்தநாத் என்ற இரண்டு ஸ்தூபிகள், பசுபதிநாத், சாங்கு நாராயணன் என்ற இரண்டு கோயில்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர்தான். சிக்கலே அதுதான். பக்கத்தில்தானே இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கத் தோன்றும். தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். எந்த இடம் எந்த வேளையில் உயிரோட்டமாக இருக்கிறது என்பதை வைத்துப் போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில் நான்கு நாளுக்கு அமைத்தது.

தேதி குறிப்பது

அக்டோபர், நவம்பர்தான் சிறந்த காலம். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டது போல இருக்கும். வடக்கே பனிமலைகள் தெரியும். அந்தச் சமயத்தில்தான் நம் நவராத்திரி, விஜயதசமியை ஒத்த தசைன் பண்டிகையும் வரும். ஊரே சொந்த கிராமத்துக்குக் கிளம்பிவிடுவதால் கடைகளும் அலுவலகங்களும் சில நாள் மூடியிருக்கும். மார்ச், ஏப்ரலிலும் போகலாம்; ஆனால் புகைமூட்டம் அதிகம், மலையைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும், இரவில் குளிர் எலும்பில் இறங்கும்.

பள்ளத்தாக்கின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 முதல் 1,400 மீட்டர். மூச்சுத் திணறும் உயரம் இல்லை. தொந்தரவு தருவது தூசிதான், மாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருவிழா பார்க்க ஆசை என்றால் இரண்டைச் சொல்வேன். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் காத்மாண்டுவில் இந்திர ஜாத்ரா, ஏப்ரல் நடுவில் பக்தபூரில் பிஸ்கெட் ஜாத்ரா. பிஸ்கெட் ஜாத்ரா நேபாளப் புத்தாண்டை ஒட்டி வருவதால் நம் சித்திரைப் பிறப்பு விடுமுறையோடு சேர்த்துக்கொள்ளலாம். மகா சிவராத்திரிக்குப் பசுபதிநாத் போவது வேறு கதை. லட்சக்கணக்கில் கூட்டம், சாதுக்கள், புகை, பல மணி நேர வரிசை. அதை ஒரு காட்சியாகப் பார்க்கப் போகலாம். நிதானமான தரிசனத்துக்கு அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

காகிதம், பணம், கடிகாரம்

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போவதென்றால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் போதும் என்று நினைத்து வந்து விமான நிலையத்தில் தவிப்பவர்கள் இன்றும் உண்டு. 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் வேறு சில புகைப்பட அடையாள அட்டைகளையும் ஏற்கிறார்கள். இலங்கையிலிருந்து வருபவர்கள் விமான நிலையத்தில் இறங்கியே விசா வாங்கலாம். சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு வருடத்தின் முதல் பயணத்தில் 30 நாள் விசா இலவசம்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான விகிதம், பேரம் கிடையாது. 100 ரூபாய் நோட்டுகளாக எடுத்துப் போவது நல்லது. பெரிய நோட்டுகள் குறித்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கடைக்காரர்களும் தயங்குவார்கள். 2024 முதல் பல கடைகளில் யுபிஐ வழியாகப் பணம் கட்ட முடிகிறது. கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் அதை நம்பிப் போகாதீர்கள்.

நேபாள நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால். செல்போன் தானாக மாற்றிக்கொள்ளும், கைக்கடிகாரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும். வார விடுமுறை சனிக்கிழமை. அன்று கோயில்களில் உள்ளூர்க் கூட்டம் அலைமோதும்.

தர்பார் சதுக்கங்களுக்கும் ஸ்தூபிகளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடப் பல மடங்கு குறைவு. அதற்கு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், எனவே அசல் அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பிய பாஸ்போர்ட் உள்ள தமிழர்களுக்கு முழுக் கட்டணம்தான். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், உள்ளே திரும்பவும் கேட்பார்கள்.

டெல்லி வழியாகப் பறப்பவர்கள் போகும்போது இடது பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். இமயமலை அந்தப் பக்கம்.

கிளம்பும் முன் கொஞ்சம் சரித்திரம்

இது தெரியாமல் போனால் எல்லாச் சதுக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். பள்ளத்தாக்கின் பழைய கல் சிற்பங்கள் பல லிச்சவி அரசர்கள் காலத்தவை, 5ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அப்புறம் மல்லர்கள். 1482ல் யட்ச மல்லர் இறந்ததும் ராஜ்யம் சிதறி காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மூன்றானது. ஒரே வம்சத்துப் பங்காளிகள் மூன்று பேர், ஒருவர் அரண்மனையிலிருந்து இன்னொருவர் ஊருக்கு அரை நாள் நடை. அவன் கோயில் கட்டினால் இவன் அதைவிட உயரமாக, அவன் தூண் நட்டு அதன் மேல் தன் சிலையை வைத்தால் இவனும் ஒன்று. இன்று நாம் வாய் பிளந்து பார்க்கும் பலவும் இந்தப் பங்காளிப் போட்டியில் பிறந்தவை. 1768, 1769ல் கூர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா மூன்று ஊர்களையும் பிடித்ததோடு போட்டி முடிந்தது. காத்மாண்டுவை அவர் பிடித்தது இந்திர ஜாத்ரா நாளில், ஊர் திருவிழாவில் மூழ்கியிருந்தபோது.

இந்த மன்னர்களுக்காகக் கட்டிய கைகள் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களுடையவை. செங்கல்லும் சால மரமும்தான் அவர்களுடைய பொருள். 13ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து போன அர்னிகோ என்ற கலைஞர் குப்லாய் கானின் அரசவைக்காக பெய்ஜிங்கில் எழுப்பிய வெள்ளை ஸ்தூபி இன்றும் நிற்கிறது.

கடைசியாக பூகம்பங்கள். 1934 ஜனவரியில் ஒன்று, 2015 ஏப்ரல் 25 நண்பகலுக்குச் சற்று முன் 7.8 அளவில் இன்னொன்று. இரண்டாவதில் நேபாளம் முழுக்க சுமார் 9,000 பேர் இறந்தார்கள். பழைய கோயில்கள் பல சில நொடிகளில் செங்கல் குவியலாயின. அதற்குப் பிறகு பெரும்பாலானவற்றைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். புது மரத்தின் நிறமும் பழைய மரத்தின் கருமையும் ஒரே கட்டடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பீர்கள். எரிச்சல்படாமல் கவனியுங்கள், இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுத்த பழைய துண்டுகளை இயன்றவரை அதே இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள்.

கோயிலைப் படிக்கும் முறை

கல் கோயில்களில் மண்டபம் மண்டபமாக உள்ளே போய்ப் பழகியவர்களுக்கு இங்கே முதலில் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே போக ஒன்றும் இருக்காது. சிறிய கருவறை, பூசாரி மட்டும் நுழைவார். பக்தர்கள் வாசலில் நின்று கும்பிட்டு, சுற்றி வந்துவிடுவார்கள். பார்க்க வேண்டியதெல்லாம் வெளியேதான், அதுவும் தலைக்கு மேலே.

முதலில் வாசலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கருடன் என்றால் விஷ்ணு, நந்தி என்றால் சிவன். பிறகு கதவுக்கு மேலே உள்ள அரைவட்டத் தோரணம். அதன் நடுவில் செதுக்கியிருக்கும் உருவம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தெய்வம். அடுத்து, கூரையைத் தாங்கி சாய்வாக நிற்கும் மரத் தாங்கிகள். இங்கே அவற்றை துணால் என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வம், அதன் காலடியில் ஒரு சின்னக் காட்சி. அந்தச் சின்னக் காட்சிகளில் சிற்றின்பச் சிற்பங்களும் உண்டு; குழந்தைகளோடு போகிறவர்கள் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள். உச்சியில் பளபளக்கும் கலசத்துக்குப் பெயர் கஜுர். சில கோயில்களில் கஜுரிலிருந்து கூரை விளிம்பு வரை பித்தளைப் பட்டை ஒன்று தொங்கும், தெய்வம் இறங்கி வரும் வழி அது என்பார்கள். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் நல்லது. வழிகாட்டி வைத்துக்கொள்வதைவிட அது பயன் தரும் என்றுகூடச் சொல்வேன்.

முதல் நாள்: பசுபதிநாத், குஹ்யேஸ்வரி, பௌத்தநாத்

பசுபதிநாத் கோயில் அதிகாலை 4 மணிக்குத் திறக்கிறது, நண்பகல் வாக்கில் நடை சாத்தி மாலை 5 மணி வாக்கில் மீண்டும் திறப்பார்கள். இந்திய, நேபாளக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. பிரதான வளாகத்துக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்துக்களை வாசலில் ஒரு கேள்வி கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ் கூடாது. உள்ளே கேமராவும் செல்போன் படமும் கூடாது. இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

மேற்கு வாசலில் நுழைந்ததும் பிரம்மாண்டமான நந்தியின் பின்புறம்தான் முதலில் கண்ணில் படும். அதைத் தாண்டி இரண்டடுக்குப் பொற்கூரை, நான்கு பக்கமும் வெள்ளிக் கதவுகள். உள்ளே இருப்பது முகலிங்கம். கிழக்கில் தத்புருஷம், தெற்கில் அகோரம், மேற்கில் சத்யோஜாதம், வடக்கில் வாமதேவம், மேலே உருவமில்லாத ஈசானம். சிவாகமம் சொல்லும் ஐந்து முகங்களைப் பெயராக மட்டும் அறிந்தவர்களுக்கு ஒரு லிங்கத்தை நான்கு வாசலிலும் சுற்றி வந்து முகம் முகமாகத் தரிசிப்பது தனி அனுபவம். அதற்கு நான்கு கதவுகளும் திறந்திருக்க வேண்டும். காலை 9 மணியிலிருந்து அபிஷேக வேளையில் திறந்திருக்கும். எனவே ஏழரைக்குப் போய் வளாகத்தைப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். முதலில் வாசுகி சன்னதியைக் கும்பிட்டுவிட்டுப் பிரதான கோயிலுக்கு வருவது இங்கே வழக்கம்.

லிங்கத்தைத் தொட்டுப் பூசை செய்யும் உரிமை பட்டர்களுக்கு மட்டும். அவர்கள் கர்நாடகத்திலிருந்து வரும் வேதம் படித்த அந்தணர்கள். உள்ளூர்க்காரர்களான பண்டாரிகள் அவர்களுக்கு உதவியாக இருப்பவர்கள். அப்போதைய மாவோயிஸ்ட் அரசு தென்னிந்தியப் பட்டர்களை விலக்கி நேபாளிகளை நியமிக்கப் பார்த்ததில் 2009 தொடக்கத்தில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது, கடைசியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. கன்னடம் தெரிந்தவர்கள் இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாம்.

தரிசனம் முடிந்ததும் பாலம் தாண்டி பாக்மதியின் கிழக்குக் கரைக்குப் போங்கள். எதிர்க்கரையில் ஆர்ய காட், வெட்டவெளியில் சிதைகள் எரியும். அங்கே போனை நீட்டிப் படம் எடுப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அந்தக் கும்பலில் சேராதீர்கள், அங்கே நிற்பது யாரோ ஒருவரின் குடும்பம். இதே கரையில் மாலை ஆரத்தி நடக்கும். அதையும் பார்க்க ஆசை என்றால் இந்த நாளைக் கொஞ்சம் மாற்றி, மாலையில் திரும்பி வரலாம். சாம்பல் பூசி உட்கார்ந்திருக்கும் சாதுக்கள் படத்துக்குப் பணம் கேட்பார்கள். எடுக்கும் முன் பேசிவிடுங்கள்.

ருத்திராட்சம்: ஐந்து முகம் வாங்குங்கள், விலை மலிவு, ஏமாற வாய்ப்பு குறைவு. ஒருமுகம் என்று பெட்டியில் வைத்துக் காட்டுவதை ரசித்துவிட்டு நகருங்கள்.

கிழக்குக் கரையில் படியேறி மான்கள் திரியும் காட்டு மேட்டைத் தாண்டி இறங்கினால் குஹ்யேஸ்வரி. சக்தி பீடங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள், இங்கும் இந்துக்களுக்கு மட்டும் அனுமதி. அங்கிருந்து பௌத்தநாத்துக்கு நடந்தே போகலாம், அரை மணி நேரம் ஆகும்.

பௌத்தநாத்தின் உயரம் சுமார் 36 மீட்டர். 2015ல் உச்சிப் பகுதி விரிசல் விட்டு, முழுக்கக் கழற்றிக் கட்டி, 2016 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். 1959க்குப் பிறகு திபெத்திலிருந்து வந்த அகதிகள் இதைச் சுற்றிக் குடியேறியதால் இந்த இடத்தின் முகமே திபெத்திய முகமாகிவிட்டது. மத்தியானம் ஏதாவது ஒரு மாடி உணவகத்தில் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மாலை 5 மணிக்கு மேல் பாட்டிகளும் பிக்குகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஸ்தூபியைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். நீங்களும் சேர்ந்து நடக்கலாம், வலமாக மட்டும். கூட்டத்தை எதிர்த்து நடப்பவர் கண்டிப்பாகச் சுற்றுலாப் பயணி.

இரண்டாம் நாள்: காத்மாண்டு தர்பார் சதுக்கம்

தமேல் பகுதியில் தங்கியிருந்தால் டாக்சி எடுக்காதீர்கள். அசன் சந்தை, இந்திர சௌக் வழியாக நடந்து வாருங்கள். மசாலா மூட்டை, பித்தளைப் பாத்திரம், சந்துக்குள் சந்து. வழியில் ஜன பஹாலில் வெள்ளை மச்சேந்திரநாதர் இருக்கிறார். பௌத்தர்களுக்கு அவலோகிதேஸ்வரர், இந்துக்களும் கும்பிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் இந்த இரண்டு சமயங்களுக்கும் நடுவே கோடு போட முயற்சி செய்யாதீர்கள்.

சதுக்கத்தில் முதலில் கண்ணில் படுவது மல்லர்களின் குலதெய்வமான தலேஜு அம்மன் கோயில். 1564ல் மகேந்திர மல்லர் கட்டியது. வருடத்தில் ஒரே நாள், தசைன் நவமியன்று மட்டும் இந்துக்களுக்குத் திறக்கும். மற்ற நாளில் வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதுதான். பக்கத்தில் கால பைரவர், மண்டையோட்டு மாலையோடு கறுப்புக் கல்லில். அந்தக் காலத்தில் வழக்கில் சிக்கியவர்களை இவர் முன் நிறுத்திச் சத்தியம் வாங்குவார்களாம். பொய் சொன்னால் ரத்தம் கக்கிச் சாவார் என்பது நம்பிக்கை.

அரண்மனையின் வெளிச்சுவரில் பிரதாப மல்லரின் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். பதினைந்து மொழிகள், எழுத்து வகைகளில் வெட்ட வைத்தது, நடுவே ஆங்கிலமும் பிரெஞ்சும்கூட ஓரிரு சொல் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு மன்னர் ஒருவர் தன் படிப்பைக் காட்டிக்கொண்ட விதம் இது. முழுவதையும் படித்துப் புரிந்துகொள்பவர் வந்தால் கீழே உள்ள குழாயில் பால் ஊற்றும் என்கிறார்கள்.

வாசலில் 1672ல் வைத்த அனுமன், செந்தூரம் அப்பி அப்பி முகமே தெரியாமல் சிவப்புத் துணிக்குள் இருக்கிறார். உள்ளே நாசல் சௌக், அரசர்களுக்கு முடிசூட்டிய முற்றம். அதன் மேல் எழும் ஒன்பதடுக்கு மாளிகை 2015ல் மேல் மாடிகளை இழந்து, சீன உதவியோடு மறுபடி எழுந்தது. வெளியே வெள்ளையாக ஐரோப்பிய பாணியில் நிற்கும் கத்தி பைடக் (அரியணைக் கூடம்) 1908ல், பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணாக்கள் காலத்தில் கட்டியது. இந்தச் சதுக்கத்துக்குச் சற்றும் ஒட்டாத கட்டடம், ஐந்து நிமிடம் போதும்.

காஷ்டமண்டபத்தில் உட்காருங்கள். ஒரே மரத்தில் செய்தது என்று கதை. 2015ல் அடியோடு விழுந்தது. தோண்டிப் பார்த்தபோது அஸ்திவாரம் 7ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போனது. ஊர் மக்களே குழு அமைத்து, பழைய முறையிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

குமாரி வீடு 1757ல் ஜயப்பிரகாச மல்லர் கட்டியது. சாக்கிய குலத்துப் பௌத்தச் சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, தலேஜுவின் வடிவமாக இந்துக்களும் வணங்குகிறார்கள். பூப்படையும்போது அவள் பதவி முடிந்து வீடு திரும்புவாள். உள்முற்றத்தில் அமைதியாக நின்றால் சில வேளைகளில் மேல் ஜன்னலில் வந்து நிற்பாள். படம் எடுக்கவே கூடாது. வராவிட்டால் கூப்பாடு போடாதீர்கள், அவள் ஒரு குழந்தை. அந்த முற்றத்து ஜன்னல் வேலைப்பாடுகளைப் பார்க்கவே தனியாக வரலாம்.

மூன்றாம் நாள்: பாட்டன்

பாக்மதி பாலம் தாண்டினால் பாட்டன், லலித்பூர் என்றும் சொல்வார்கள். மூன்று சதுக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. சின்ன இடத்தில் இத்தனை நெருக்கமாக வேறெங்கும் இல்லை.

கிருஷ்ண மந்திரை முதலில் பாருங்கள். 1637ல் சித்தி நரசிம்ம மல்லர் கட்டியது. செங்கல்லும் மரமும் சூழ்ந்த ஊரில் இது மட்டும் முழுக்கக் கல், 21 கலசங்கள். முதல் தளத்தின் உத்தரத்தைச் சுற்றி மகாபாரதம், அதற்கு மேலே இராமாயணம், விரல் உயர உருவங்களில் ஓடுகிறது. இங்கேதான் பைனாகுலர் காசுக்கு ஈடு கொடுக்கும். மேலே போக இந்துக்களுக்கு மட்டும் அனுமதி.

அதே சதுக்கத்தில் உயர்ந்த தூணில் யோக நரேந்திர மல்லர், தலைக்கு மேல் படமெடுத்த நாகம், நாகத்தின் தலையில் ஒரு குருவி. குருவி பறக்காத வரை மன்னர் திரும்பி வருவார் என்று ஊர் நம்பியது. அவருக்காக அரண்மனை ஜன்னல் ஒன்றைத் திறந்தே வைத்திருந்தார்களாம்.

பாட்டன் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். அரண்மனையின் கேசவ நாராயண சௌக்கில், ஆஸ்திரிய உதவியோடு சீரமைத்து 1997ல் திறந்தது. தெற்காசியாவின் நல்ல அருங்காட்சியகங்களில் ஒன்று. எந்தத் தெய்வத்தை எந்த அடையாளத்தால் கண்டுபிடிப்பது, மெழுகு வார்ப்பில் சிலை எப்படிச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் படிப்படியாக விளக்கியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கொடுங்கள். அதே டிக்கெட்டோடு மூல் சௌக்கில் கங்கை, யமுனை சிலைகள் காவல் நிற்கும் பொன் கதவையும், சுந்தரி சௌக்கில் துஷா ஹிட்டி என்ற அரசக் குளியல் தொட்டியையும் பார்த்துவிடலாம். தரைக்குக் கீழே முட்டை வடிவில் இறங்கும் அந்தத் தொட்டியின் சுவரெல்லாம் சிறு சிறு தெய்வங்கள்.

சதுக்கத்தின் வடக்கு மூலையில் மங்கா ஹிட்டி, லிச்சவி காலத்துக் கல் நீர்த்துறை. மகர வாய்களிலிருந்து விழும் தண்ணீரைப் பிடிக்க இன்றும் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள்.

அங்கிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் குவா பஹால், பொற்கோயில். பௌத்த விகாரம், தோல் பொருள் கூடாது. தலைமைப் பூசாரி ஒரு சிறுவன். இன்னும் மேலே போனால் ஐந்தடுக்குக் கும்பேஸ்வரர் கோயில், 14ஆம் நூற்றாண்டு. ஆவணி அவிட்டத்தன்று வரும் ஜனை பூர்ணிமாவுக்கு இங்கே பூணூல் மாற்றக் கூட்டம் சேரும்.

ஒரு விஷயம் கண்ணில் படும்: தெருவோரச் சிலைகள் பல கம்பிக்குள் இருக்கும். 1970, 80களில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஏராளமான சிலைகள் திருடப்பட்டு வெளிநாட்டுச் சந்தைக்குப் போயின. 1984ல் பாட்டனில் காணாமல் போன லட்சுமி நாராயணர் சிலை அமெரிக்காவில் டல்லஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து 2021ல் ஊர் திரும்பியது. சிலைத் திருட்டு வழக்குகளைப் படித்துவரும் நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சாப்பாடு: நேவார் உணவில் எருமை இறைச்சி அதிகம். மோமோ கேட்கும்போது ‘வெஜ்’ என்று இரண்டு தரம் உறுதி செய்துகொள்ளுங்கள். சைவர்கள் பாரா என்ற அடையைத் தேடலாம், உளுந்து அரைத்துக் கல்லில் தட்டியது. மேலே முட்டையோ இறைச்சியோ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் பக்தபூருக்குப் போய் அறை எடுத்துவிடுங்கள். சுமார் 13 கிலோமீட்டர், நெரிசலில் ஒரு மணி நேரமும் ஆகலாம். பக்தபூரில் ஒரு இரவு தங்குவதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான ஆலோசனை.

நான்காம் நாள்: பக்தபூரும் சாங்கு நாராயணனும்

காலை ஆறு மணிக்கு வெளியே வாருங்கள். சுற்றுலா பஸ்கள் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. பித்தளைத் தட்டில் பூவும் அரிசியும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பெண்கள் சந்து முனைப் பிள்ளையாரிலிருந்து ஒவ்வொரு சன்னதியாகப் போவார்கள். கூரையிட்ட திண்ணைகளில் வயதானவர்கள் உட்கார்ந்து பஜனை பாடுவார்கள். தௌமாடி சதுக்கத்தில் நயதபோல கோயிலின் படியில் ஏறி உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கலாம்.

நயதபோல 1702ல் பூபதீந்திர மல்லர் கட்டியது, ஐந்து கூரை, சுமார் 30 மீட்டர். படியின் இரு பக்கமும் காவல் ஜோடிகள்: கீழே ஜயமல், பட்டா என்ற மல்யுத்த வீரர்கள், மேலே யானை, சிங்கம், யாளி போன்ற சார்தூலம், கடைசியில் வியாக்கிரி, சிம்ஹிணி என்ற தேவியர். கீழே இருப்பவரைவிட மேலே இருப்பவருக்குப் பத்து மடங்கு பலம். உள்ளே சித்தி லட்சுமி, பூசாரிகள் தவிர யாரும் பார்ப்பதில்லை. 1934ல் மேல் கூரையில் சேதம், 2015ல் பெரிய பாதிப்பு இல்லாமல் தப்பியது. அகலமான அடுக்குப் பீடம், மேலே போகப் போகக் குறுகும் எடை, அசைந்து கொடுக்கும் மர இணைப்புகள் எல்லாம் சேர்ந்து காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள்.

தர்பார் சதுக்கத்தில் 55 ஜன்னல் அரண்மனையும், ரஞ்சித் மல்லர் காலத்துப் பொன் வாசலும். அந்தத் தோரணத்தில் பல தலை, பல கைகளோடு தேவி. அதற்கு மேலே நாகங்களைப் பிடித்த கருடன். பள்ளத்தாக்கின் உலோக வேலையில் இதுதான் உச்சம் என்பது என் கணக்கு. கிழக்கே பதினைந்து நிமிடம் நடந்தால் தத்தாத்ரேயர் சதுக்கம். பூஜாரி மடத்தின் பக்கச் சந்தில் மயில் ஜன்னல். வழியில் ‘இது ஓவியப் பள்ளிதான், சும்மா பாருங்கள்’ என்று கூப்பிடுவார்கள். அது கடைதான். பார்க்கலாம், ஆனால் பர்ஸை உள்ளேயே வையுங்கள். குயவர் தெருவில் வெயிலில் காயும் பானைகள், அப்புறம் மண் கிண்ணத்தில் ஜூஜு தௌ என்ற கெட்டித் தயிர். இரண்டு கிண்ணம் சொல்லுங்கள்.

மத்தியானத்துக்கு மேல் டாக்சி பிடித்து வடக்கே குன்றின் மேல் சாங்கு நாராயணன். கூட்டமே இருக்காது. கோயில் கட்டடம் 1702ல் திரும்பக் கட்டியது, ஆனால் முற்றத்துச் சிலைகள் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. மேற்கு வாசல் முன் மண்டியிட்டுக் கைகூப்பிய கருடன். பக்கத்துத் தூணில் கி.பி. 464ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அதில் லிச்சவி அரசர் மானதேவர் தன் கதையைச் சொல்கிறார்: தந்தை தர்மதேவர் இறந்ததும் தாய் ராஜ்யவதி உடன்கட்டை ஏறத் துணிய, மகன் தடுத்து நிறுத்தி, அவர் உயிரோடு இருந்தார். அப்படியே சுற்றி வந்தால் திரிவிக்கிரமர், நரசிம்மர், விசுவரூபம், கருடன் மேல் விஷ்ணு. வைணவக் குடும்பத்தினர் இந்த முற்றத்துக்கு ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பள்ளத்தாக்கில் ஒரே இடம்தான் பார்க்க முடியும் என்று வந்தால் இதைத்தான் சொல்வேன்.

மிச்ச நேரத்தில்

சுயம்புநாத்துக்கு ஒரு விடியற்காலையை ஒதுக்குங்கள். கிழக்குப் பக்கம் 365 படி. முடியாதவர்களுக்கு மேற்கே வண்டி போகும் பாதை. இந்தப் பள்ளத்தாக்கு ஏரியாக இருந்தது, மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் வாளால் சோபாரில் மலையை வெட்டித் தண்ணீரை வடியவிட்டார், ஏரியில் பூத்த தாமரை ஒளியே இந்த ஸ்தூபி என்பது புராணம். ஏரி இருந்ததைப் புவியியலும் ஒப்புக்கொள்கிறது. குரங்குகள் உணவுப் பையைப் பறிக்கும்.

நகருக்கு வடக்கே புத்தநீலகண்டரில் குளத்துக்குள் பள்ளிகொண்ட பெருமாள், ஒரே கல்லில் சுமார் 5 மீட்டர், 7ஆம் நூற்றாண்டு. மன்னராட்சி இருந்தவரை நேபாள அரசர்கள் இங்கே வருவதைத் தவிர்த்தார்கள். தரிசித்தால் மரணம் என்று பிரதாப மல்லருக்குக் கனவு வந்ததாம். காலைப் பூசைக்குப் போனால் அபிஷேகம் பார்க்கலாம்.

நாராயண்ஹிட்டி அரண்மனை கலைக்காகப் பார்க்கும் இடமல்ல. 2001 ஜூன் 1ல் அரச குடும்பம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். 2008ல் மன்னராட்சி முடிந்து, மறுவருடம் அருங்காட்சியகமானது. போன், பை எல்லாம் வாசலில் கொடுத்துவிட வேண்டும். எல்லா நாளும் திறப்பதில்லை, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தட்சிணகாளி கோயிலில் செவ்வாய், சனி பலி நடக்கும். தாங்காதவர்கள் வேறு நாள் போங்கள்.

வாங்குவதும் கிளம்புவதும்

பழைய சிலை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் வாங்காதீர்கள். 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நேபாளத்திலிருந்து எடுத்துப்போவது குற்றம். புதிய சிலையாகவே இருந்தாலும் பழையது போலத் தோன்றினால் தொல்லியல் துறையின் சான்று வேண்டும். நல்ல கடைக்காரர் அதை வாங்கித் தருவார். பாட்டனில் வார்ப்புச் சிலை செய்பவர்களின் பட்டறைக்கே போய் வாங்குவது எல்லோருக்கும் நல்லது.

இங்கிருந்து முக்திநாத் போகிறவர்களுக்கு: 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று பாடப்பட்ட அந்தத் தலம் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காத்மாண்டு ஒத்துக்கொண்டது என்று அங்கேயும் வேகமாக நடக்கக் கூடாது. போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம் காலையில் மட்டும்தான், பகல் ஏறினால் காற்று பலமாகிவிடும். வானிலை கெட்டால் அன்றைய விமானம் ரத்து. அதனால் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாள் இடைவெளி விட்டு வையுங்கள். விமானம் சரியாகப் போய் வந்துவிட்டால், மிச்சமாகும் நாளில் பாட்டன் அருங்காட்சியகத்துக்கு இன்னொரு தரம் போகலாம்.